இடது காலுக்கு மட்டும் ஒரு விரல்

கடைவீதியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அரைகிராம் வர்றார்' என்றால் போதும், தராசு வைத்திருக்கிற அத்தனை பேரும் தட்டைத் துடைத்து வைப்பார்கள். எடை ஆய்வாளர் வேலை. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லையென்றால் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை நகைக்கடைத் தராசு ஒன்றில் அரை கிராம் இடித்தது. வியாபாரம் சூடாக இருந்த நேரம். முதலாளி கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை, கடை இரண்டு நாள் மூடிக் கிடந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர் அது. அவருக்குத் தெரியாது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு நன்றாகவே தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இருபத்தாறு வருஷமாக அந்தச் சுற்றைச் சைக்கிளில்தான் போய்வந்தார். பின்னால் கேரியரில் சோதனை எடைக்கற்கள் இருக்கும் மரப்பெட்டி, முன்னால் கம்பியில் மாட்டிய டைரிப் பை. கூட வேலை பார்ப்பவர்கள் ஸ்கூட்டருக்கு மாறி யுகமாயிற்று. இவர் மாறவில்லை, காரணம் கேட்டால் சொல்லவும் மாட்டார். ஸ்கூட்டர் சத்தம் இரண்டு தெரு தள்ளியே கேட்டுவிடும், கடைக்காரன் கள்ளக் கல்லை மாற்றிவிடுவான் என்பதுதான் காரணம். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. பிரேக் கிறீச்சிடக் கூடாது என்று வாரம் தவறாமல் துடைத்துச் சரிசெய்வார். மணியைக்கூடக் கழற்றிவிட்டார். அது வீட்டில் மனைவியின் பட்டன் டப்பாவுக்குள் பத்து வருஷமாகக் கிடந்தது.

வேலைக்கு அவர் வைத்திருந்த சட்டம் எளிமையானது. முதலில் கருவியைச் சந்தேகப்படு, அப்புறம் பொருளைச் சந்தேகப்படு, இரண்டும் சரியென்றால் ஆளைச் சந்தேகப்படு. ஆளைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதே, விரலைப் பார். தட்டின் ஓரத்தை அமுக்குகிற கட்டைவிரலை எத்தனையோ தடவை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். வேலைக்கு இது நல்ல சட்டம்தான். கஷ்டம் என்னவென்றால், சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவோடு இந்தச் சட்டத்தையும் அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவர்க் கடிகாரத்தை ரேடியோவோடு ஒத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். பால் பாக்கெட்டைக் கையில் ஏந்திப் பார்க்காமல் உள்ளே விட மாட்டார். மனைவி போனில் சிரித்துப் பேசினால், சிரிக்கிற அளவுக்கு அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டே இருப்பார்.

மனைவி தையல்காரி. வாசல் அறையில் மெஷின், வெட்டுகிற மேஜை, வாடிக்கையாளர் போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி. பள்ளிக்கூடச் சீருடையில் ஆரம்பித்து டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு வரை தைப்பாள். பேச்சு குறைவு, வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஒருமுறை அவருக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது, அந்தக் கதைக்கு வருவோம். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சோதனைக் கற்களையே சோதிக்க வேண்டும். அதற்குத் தலைமை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் போக பதினெட்டு மணி நேரம், திரும்ப பதினெட்டு மணி நேரம். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வரும்போது பக்கத்து இருக்கையில் ஒரு தொப்பிக்காரன். அவன் ஏறியதிலிருந்து நாலு தடவை கற்கள் இருந்த பையைப் பார்த்தான். அரைகிராமுக்கு அது போதாதா? பையை இரண்டு காலுக்கும் நடுவே வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் மற்றவர்கள் இறங்கிக் கைகாலை உதறி, டீ குடித்து வந்தார்கள். இவர் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமே வரக் கூடாது என்று தண்ணீரும் குடிக்கவில்லை. தொப்பிக்காரன் பாதி வழியில் இறங்கிப் போய்விட்ட பிறகும், அவன் ஆள் வேறு யாராவது பஸ்ஸில் இருக்கலாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார். கற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காலில் ரத்தம் கட்டியாக உறைந்து, அதில் ஒரு துணுக்கு நுரையீரல் வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, ஷேவ் பண்ணும்போது கவனம், உட்கார்ந்த இடத்திலேயே உட்காராதீர்கள் என்ற புத்திமதி. ஆபீஸில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுற்றுக்கு ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஜூனியர் ஒருத்தனை அனுப்பினார்கள். உட்கார்ந்து வந்த நோய்க்கு உட்காரும் வேலையை மருந்தாகக் கொடுக்கிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். ஜூனியர் சுற்றிலிருந்து திரும்பும்போது எப்போதும் சிரித்த முகமாக வருகிறானே என்று அதில் ஒரு சந்தேகம் வேறு. தராசு சோதிக்கிறவனைப் பார்த்து ஊர் சிரித்துப் பேசுகிறது என்றால், சோதனை எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

ஏழாவது மாதம் மேலதிகாரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டர் கடிதம் வந்தால் சுற்று அவருக்கு. வராவிட்டால் ஜூனியருக்கே நிரந்தரம். ஓய்வு பெறும் வரை நாற்காலிதான்.

டாக்டரம்மா முடியாது என்று சொல்லவில்லை. ஸ்கேனில் கட்டி கரைந்துவிட்டது. சைக்கிள் காலுக்கு நல்லதுதான். ஆனால் இவர் கேட்பது தெருமுனைக்குப் போய்வரும் சைக்கிள் இல்லையே, பெட்டி நிறைய இரும்போடு நாள் முழுக்க மிதிப்பது. வீக்கம் இன்னும் இருக்கிறது. கெண்டைக்காலை அளந்தால் வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள் வரட்டும், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தினமும் காலையில், காலுறை மாட்டுவதற்கு முன், ஒரே இடத்தில் அளந்து நோட்டில் எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே சொல்லியிருந்தார். அளப்பது யார் என்றும் அப்போதே கேட்டார். மனைவி தையல்காரி என்றதும் சிரித்து, அப்படியென்றால் என் நர்ஸ் அளப்பதைவிட நன்றாகவே இருக்கும் என்று சொல்லி, நோட்டைப் பார்ப்பதோடு விட்டுவிட்டார். அரைகிராமுக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. பிறர் எழுதிய அளவை மறு அளவு எடுக்காமல் ஒரு ஆய்வாளர் ஏற்றுக்கொள்வாரா?

இரண்டு கெண்டைக்காலிலும் பேனாவால் ஒரு புள்ளி. கட்டில் ஓரத்தில் அவர் உட்காருவார். மனைவி முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்து, டேப்பைச் சுற்றி அளவைச் சொல்வாள். அவர் எழுதிக்கொள்வார். ஆரம்பத்தில் வலது முப்பத்தாறு, இடது நாற்பதரை. மாதா மாதம் இறங்கிக்கொண்டே வந்து, மூன்றாவது மாதக் கடைசியில் முப்பத்தேழு புள்ளி எட்டில் நின்றது. நின்றது நின்றதுதான். நாலு மாதமாக அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கவில்லை. காலை எழுந்ததும் முப்பத்தேழு புள்ளி எட்டு. நடந்தாலும் அதே, காலைத் தூக்கி வைத்துப் படுத்தாலும் அதே.

முதலில் மாத்திரையைச் சந்தேகப்பட்டார். ஆபீஸில் இருக்கும் நுண்தராசில் ஒரு அட்டை மாத்திரையை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே எடை. டாக்டரைச் சந்தேகப்பட்டார். அந்தம்மாவுக்கு இவரைச் சைக்கிளிலிருந்து இறக்கி என்ன லாபம் என்று நாலு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. காலைச் சந்தேகப்பட்டார். ஐம்பத்தைந்து வருஷம் கூடவே இருந்த கால், இப்படிப் பண்ணும் என்று யார் கண்டது? ராத்திரி தூங்கும்போது அது தனியாக ஏதோ செய்கிறது என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் காதில் விழுந்தது. வாசல் அறையில் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணிடம் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்தே இருந்தால் என்ன, உயிரோடு இருக்கிறாரே, அது போதாதா என்றாள். சாதாரணமாக யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். ஆனால் அரைகிராமுக்கு உள்ளே ஏதோ திக்கென்றது. அளக்கிறவள் யார்? இவள். அளவு இறங்காவிட்டால் யாருக்குத் திருப்தி? இவளுக்கு. இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போனது என்று தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

அதற்காக எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போய்க் கேட்கிறவர் இல்லை அவர். முதலில் கருவி. மனைவி குளிக்கும் நேரத்தில் அவளுடைய டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். அங்கே எஃகு மீட்டர் கம்பி இருக்கிறது. டேப்பை அதன் மேல் நீட்டிப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை பிசகில்லை. சாயங்காலம் வந்தபோது, அன்றைக்கு முழுக்க டேப்பைக் காணாமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருந்தாள் அவள். அவர் அதை மேஜைக்குக் கீழே தானே கண்டுபிடித்த மாதிரி எடுத்துக் கொடுத்தார்.

அடுத்து பொருள். மறுநாள் காலை அளந்து முடித்த நேரம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். டேப்பை முக்காலியில் வைத்துவிட்டு அவள் போனாள். அவர் சட்டென்று எடுத்து, அதே புள்ளியில், தானே அளந்தார். வலது முப்பத்தாறு. இடது முப்பத்தாறு புள்ளி ஆறு. நோட்டை இழுத்துப் பார்த்தார். நோட்டில் மை காயாமல் இருந்தது முப்பத்தேழு புள்ளி எட்டு. அடுத்த நாளும் ஏதோ சாக்கு வைத்து அளந்தார், அதற்கடுத்த நாளும் அளந்தார். மூன்று நாளும் முப்பத்தாறு புள்ளி ஆறுதான். காலில் வீக்கம் வடிந்து எத்தனை மாதம் ஆயிற்றோ, தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்து மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கருவி சரி, பொருள் சரி. மிச்சம் இருப்பது ஆள்.

மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். தன் கண் முன்னாலேயே உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், தினம் ஒரு பொய் அளவைச் சொல்லியிருக்கிறாள். கடைக்காரன் ஏமாற்றினால் தராசைத் தூக்கிக்கொண்டு வரலாம். இங்கே எதைத் தூக்குவது? வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சமாதானம் ஆகியிருக்கலாம். ஆனாலும் பிடிப்பதென்றால் கையோடு பிடிக்க வேண்டும். அவள் குனிந்து அளக்கும்போது அவளுடைய தலை மறைத்துவிடுகிறது, விரல் தெரிவதில்லை. விரலைப் பார் என்று ஊருக்கெல்லாம் சட்டம் வைத்திருப்பவர், சொந்த வீட்டில் ஏழு மாதமாக எண்ணை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை, உள்ளே வெளிச்சம் போதவில்லை, வாசல் அறையில் அளக்கலாம் என்றார். ஏழு மாதமாகப் போதிய வெளிச்சம் இன்றைக்கு ஏன் போதவில்லை என்று அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவள் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய கைகள் இரண்டும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தன.

வலது கால். டேப் தோலோடு தோலாகச் சுற்றி வந்தது. முப்பத்தாறு என்றாள். இடது கால். டேப்பைச் சுற்றினாள். சுற்றி முடித்து இரண்டு முனையும் சேரும் இடத்தில், டேப்புக்கும் காலுக்கும் நடுவே, அவளுடைய இடது கை ஆட்காட்டி விரல் மெல்ல உள்ளே போனது. விரலின் மேல் டேப் தூக்கிக்கொண்டு நின்றது. முப்பத்தேழு புள்ளி எட்டு என்றாள்.

"கையை எடுக்காதே. அப்படியே இரு."

கடைக்காரர்களிடம் சொல்கிற அதே குரல். அவள் திடுக்கிட்டு அசையாமல் இருந்தாள். அவர் கண்ணாடியைக் காட்டினார். அவள் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் விரலைப் பார்த்தாள். வேறு யாரோ அதை அங்கே வைத்துவிட்டுப் போனதைப் போல வெகு நேரம் பார்த்தாள்.

"நான் விரல் விடறேன்னே எனக்குத் தெரியலைங்க" என்றாள். "கழுத்துக்கு, இடுப்புக்கு எல்லாருக்கும் விரல் விட்டுத்தான் அளப்பேன். துணி பிடிக்கக் கூடாதுன்னு. கை பழக்கம்."

"வலது காலுக்கு விடலையே."

அவள் வலது காலைப் பார்த்தாள். தெரியாமல் பட்டுவிட்டது சார், கை பழக்கம் சார் என்று ஆயிரம் கடைக்காரர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தனைக்கூட அவர் நம்பியதில்லை. சைக்கிள் வேண்டாம் என்றால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இந்தத் திருட்டு வேலை என்று கேட்டார். அவள் விரலை இன்னும் எடுக்கவில்லை.

"அந்தக் காலை அழுத்த எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "அன்னைக்கு பஸ்ஸை விட்டு வந்து கால் வலிக்குதுன்னீங்க. நான்தானே தைலத்தைப் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன். அரை மணி நேரம். மறுநாள் ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கேட்டாங்க, யாரு இப்படித் தேய்ச்சது, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கு, தேய்ச்சே ஆளைக் கொன்னிருப்பீங்களேன்னு. நீங்க மூக்குல குழாயோட படுத்திருந்தீங்க. இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டயும் சொல்லலை."

இந்த ஏழு மாதத்தில் அரைகிராம் சந்தேகப்படாத ஆள் இல்லை. தொப்பிக்காரன், பஸ் டிரைவர், ஜன்னல் காற்று, ஆய்வுக்கூடத்துக் காபி, ஆபீஸ், டாக்டர் என்று பட்டியல் நீளமாக இருந்தது. அந்தப் பட்டியலில் மனைவியின் கை ஒரு தடவைகூட வரவில்லை. அன்றைக்கு அந்தக் கை பட்டதில் வலி விட்டுத் தூங்கிப்போனது மட்டும்தான் அவருக்கு ஞாபகம்.

உன்னால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் சோதிக்காத ஒன்றுக்கு முத்திரை குத்த அவருக்கு வராது. உண்மையிலேயே அப்படி நடந்திருக்குமோ என்று அவர் யோசித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தை அவள் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டாள். டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து சீருடை ஒன்றைத் தைக்க ஆரம்பித்தாள். அவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆபீஸில் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலுக்குப் போனார். இதற்குள் வருஷம் மாறிவிட்டது, புது வருஷத்துச் சோதனைக்குக் கற்களைக் கொண்டுபோகும் முறை ஜூனியருக்கு. கற்களைப் பையில் அடுக்கித் தூக்கிப் பார்த்தவன், என்ன சார் இவ்வளவு கனம், இதைத் தூக்கிக்கொண்டு எப்படி நடந்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவனுக்கு என்னவோ பதில் சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நின்றுவிட்டார். பை கனம். அன்றைக்கும் பை கனமாகத்தானே இருந்தது. வழக்கத்தைவிடக் கனம். அதை எங்கேயோ எழுதிக்கூட வைத்தாரே.

அலமாரியைத் திறந்து பழைய டைரிகளை இழுத்துப் போட்டார். அந்தத் தேதி. அவருடைய கையெழுத்து, அவருடைய கறுப்பு மை. படித்தார். நின்றபடியே இரண்டாம் தடவை படித்தார். பிறகு டைரியை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆபீஸ் நேரம் முடியுமுன்பே கிளம்பினார். இருபத்தாறு வருஷத்தில் அப்படிக் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நின்று, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைப் போலப் படித்தார். "மாலை நாலு பத்து, பஸ் நிலையம். கற்கள் பை வழக்கத்தைவிடக் கனம். வீடு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கியது, நெஞ்சில் குத்தல். பயணத்தில் யாரோ பையில் எடை சேர்த்திருக்கலாம் எனச் சந்தேகம். ஐந்து மணி, வீடு. பையைத் திறந்து எண்ணினேன். கற்கள் சரி. சந்தேகம் தீரவில்லை."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். "நீ தைலம் போட்டது எப்போ? விளக்கு வச்சு, சாப்பிட்டு, ஏழு மணிக்கு மேல. நாலு பத்துக்கே எனக்கு மூச்சு வாங்கியிருக்கு. உன் கை படறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே அந்தத் துணுக்கு மேல போயிடுச்சு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை இன்னைக்கு எழுதினீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. அரைகிராமைப் பார்த்து, பொய்யாக எழுதினாயா என்று இதுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை. ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. பக்க எண்ணைக் காட்டினார். முன் பக்கமும் பின் பக்கமும் தொடர்ச்சியாக இருப்பதைக் காட்டினார். அந்த வாரத்துக்கு மேலதிகாரி போட்ட கையெழுத்தையும் முத்திரையையும் காட்டினார். அவள் டைரியை வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். விரலை ஈரமாக்கி மையின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தாள். அவரே சோதித்திருந்தாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க முடியாது. பிறகு அந்த வரிகளை வாய்க்குள் ஒருமுறை படித்தாள்.

"மூச்சு முட்டுது, நெஞ்சு குத்துது" என்றாள். "நமக்கு உடம்பு சரியில்லைன்னு தோணலை. பையில யாரோ கல்லைப் போட்டுட்டாங்கன்னு தோணியிருக்கு."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏழு மாதத்து அழுகையை அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மடியிலிருந்து சிதறிய பட்டன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். இந்த வரியை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது, அதனால்தான் நம்புகிறேன் என்று அழுகைக்கு நடுவே சொன்னாள்.

மறுநாள் இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். கடிதத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே அவள் டைரியை நீட்டிவிட்டாள். டாக்டரம்மா படித்துவிட்டு, நாலு மணிக்கே இப்படி இருந்தது என்றால் துணுக்கு அப்போதே போயிருக்கும், தேய்த்தது நல்லதில்லைதான், ஆனால் நுரையீரலுக்குப் போனது அதனால் இல்லை என்றார். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். விரல் விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா தன் டேப்பை எடுத்து, தன் கையால், இரண்டு காலையும் அளந்தார். முப்பத்தாறு, முப்பத்தாறு புள்ளி ஆறு. கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. முதல் வாரம் பெட்டி இல்லாமல், தினம் அரை மணி நேரம்தான். காலுறை கட்டாயம், தண்ணீர் கட்டாயம். காலில் வீக்கமோ மூச்சு வாங்கலோ தெரிந்தால் பையைச் சந்தேகப்படாமல் நேரே இங்கே வாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை வெளியே எடுத்தார். காற்றை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார், செயினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம். மனைவி பட்டன் டப்பாவோடு வாசலுக்கு வந்து, அடியில் கையைவிட்டுத் துழாவி, துருப்பிடித்த மணியை எடுத்து நீட்டினாள். இதை மாட்டினால் கடைக்காரன் உஷாராகிவிடுவான் என்றார் அவர். கடைவீதியில் அடிக்க வேண்டாம், திரும்பி வரும்போது நம் தெருமுனையில் அடித்தால் போதும் என்றாள். அவர் திருகாணியை எடுத்து மாட்டினார்.

முதல் மிதியில் இடது கால் தயங்கியது. ஏழு மாதம் ஆகிவிட்டது, என்ன பண்ணுவது என்று மறந்த மாதிரி இருந்தது. நாலாவது மிதியில் ஞாபகம் வந்துவிட்டது. கடைவீதிப் பக்கம் போகக் கூடாது என்று முடிவு பண்ணிப் போனவர், கடைவீதிப் பக்கமே போனார். அரைகிராம் வர்றார் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இரண்டு கடையில் அவசர அவசரமாக எதையோ மேஜைக்குக் கீழே தள்ளினார்கள். அவர் கண்டுகொள்ளாமல் போனார், ஆனால் கடைகள் இரண்டும் மனதில் பதிந்துவிட்டன. சரியாகப் பதினைந்தாவது நிமிஷம் திரும்பினார்.

தெருமுனைக்கு வந்தபோது மணியை அடித்தார். பத்து வருஷத் துரு, கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது. அதற்குள் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அவர் சைக்கிளை நிறுத்தி உள்ளே வருவதற்குள் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தது, கழுத்தில் டேப்போடு அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலுறையைக் கழற்றி இடது காலை நீட்டினார். டேப் சுற்றி வந்து புள்ளியின் மேல் பதிந்தது. அவளுடைய விரல் நடுங்கிக்கொண்டே வந்து, டேப்பின் மேல் உட்கார்ந்து, நன்றாக அழுத்தியது. கண்ணாடியில் அவர் அதைப் பார்த்தார். பழக்க தோஷம், இன்னொரு தடவையும் பார்த்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லை. அழுத்து" என்றார்.